நான்கு சக்கரமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஜனவரி 22, ஞாயிறு

கோபம் வந்தால் கத்தாதீங்க, எழுதுங்க என்று என் மனைவி கோதை சொல்லிவிட்டாள். கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்தப் பிரிவு எல்லாம் கேட்கிறான். மகுடீஸ்வரன். கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் பூங்கோதை என்று எழுதினேன். என் அவசரமே அவள்தான். யாரைக் கூப்பிடுவது?

இன்றைக்குக் கோபம் சடையப்பன் மேல். என் கூட வேலை பார்ப்பவன், அடுத்த தெருக்காரன். காப்பி குடித்துவிட்டுப் போகிறவன் பேசாமல் போக வேண்டியதுதானே? மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் நாலு பெரிய அலாய் வீலைக் காலால் தட்டி, "ஏம்ப்பா, சும்மாதான கெடக்குது, எனக்குக் குடேன்" என்றான். கத்திவிட்டேன். அந்த வீல் யாருக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது.

இப்போது என் கார் நிற்பது உக்கடம் பழைய சாமான் கடையில் பொறுக்கின இரும்பு ரிம்மில். ஒன்று லேசாக ஆடுகிறது. டயர் என் மண்டை மாதிரி வழுவழு. பிப்ரவரி 19 வளைகாப்பு. அது முடிந்த கையோடு கோதையைக் கோபிக்கு அந்தப் பக்கம் கூகலூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். எண்பது கிலோமீட்டருக்கு மேல். இந்த டயரிலா? நாலு வாரத்துக்குள் நல்ல வீலும் டயரும் பார்த்தாக வேண்டும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கார் கம்பெனியில் வந்தது வந்தபடியே இருக்கிறது. அதில் கை வைக்கும் எண்ணம் இல்லை.

கோதை உண்டாகியிருப்பது இது மூன்றாவது முறை. முதல் இரண்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 24, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கோபி வரை காரில் போகலாமா என்று கேட்டேன். "தாராளமா போலாம். நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி நடக்கச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

"குழியில கிழியில எறங்கிட்டா?"

"குழந்தை உள்ள தண்ணிக்குள்ள பத்திரமா இருக்கு. நீங்க பத்திரமா ஓட்டுங்க, போதும்."

கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் அதையே இன்னொரு தரம் கேட்டேன். அதே பதில்தான். கோதை என் முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி 25, புதன்

அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது. பதினான்கு வருஷமாக நான் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். தண்ணீர் எவ்வளவு தூக்குகிறது என்று பார்க்காமல் ஒரு பம்ப் எங்கள் வாசல் தாண்டாது.

முன் இருக்கையில் ஒரு கிண்ணம், அதற்குள் எவர்சில்வர் டம்ளர், அதில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர். இருபது வேகத்தில் கம்பெனி உள்ளே இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். கிண்ணத்தில் சிந்தியதை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். அறுபத்திரண்டு மில்லி.

அறுபத்திரண்டு! வாய்க்கு வந்தபடி டயரைத் திட்டினேன். வாட்ச்மேன் அய்யாசாமி, "யாருங்க உள்ள?" என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றேன்.

ஜனவரி 27, வெள்ளி

அடுக்களையில் ஆறு டம்ளரில் ஒன்றைக் காணோமாம். அவள் அம்மா சீரில் கொடுத்த செட். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். "டம்ளரயா?" என்றாள்.

ஜனவரி 29, ஞாயிறு

நூறடி ரோட்டில் ஒரு பெரிய கடை. கண்ணாடி, ஏசி, சுவர் முழுக்க வீல். சேல்ஸ் தம்பி என்னைப் பார்த்ததும் பதினேழு இஞ்ச்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"சார், உங்க வண்டிக்கு இது போட்டா ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"எனக்கு யாரும் பாக்க வேண்டாம். டயர்ல ரப்பர் எத்தனை உயரம்?"

அவன் விழித்தான். நானே விரலை வைத்து அளந்து காட்டினேன். ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் மெலிகிறது. பதினேழில் நாலு விரல்தான். கார் கம்பெனி கொடுத்த பதினாலு இஞ்சில் ஆறு விரல் இருந்தது. குழியின் அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். நாலு விரலில் என்ன வாங்கும்? குழி அப்படியே ஆளுக்கு வரும். எனக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் பதினைந்து இஞ்ச் ரிம்மில் நல்ல தடித்த டயராக ஒன்று காட்டினான். கம்பெனி அளவை விட உயரம், அகலம். ரிம் மட்கார்டை விட்டு அரை இஞ்ச் வெளியே வரும், அது இப்போது ஃபேஷன் என்றான். ஃபேஷன் எக்கேடோ கெட்டுப் போகட்டும், ரப்பர் ஆறு விரல் இருக்கிறது. சனிக்கிழமை மாட்டச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, சனி

மாட்டியாச்சு. அதே வேகத்தடை, அதே இருபது. பதினெட்டு மில்லி!

மூன்று தரம் ஓட்டினேன். பதினெட்டு, இருபது, பதினேழு. மெத்தை மேல் போகிற மாதிரி இருக்கிறது. வரும் வழியில் கோதைக்குக் கொய்யாப்பழம் வாங்கினேன். எனக்கு ஒரு பன்னீர் சோடா. ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்ததாகக் கோதை சொல்கிறாள். நான் முணுமுணுக்கவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

கோபம். கத்தாமல் எழுதுகிறேன்.

வளைகாப்புக்கு நாள் குறித்தபடி பேசி முடிக்க மாமனார், மாமியார், மாமியாரின் அக்கா மூன்று பேரும் காந்திபுரம் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு மூட்டை அரிசி, ஒரு மூட்டை தேங்காய், ஒரு வாழைத்தார். கோதையும் என்னோடு வந்திருந்தாள். ஆள் அஞ்சு, டிக்கி நிறையச் சாமான். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடை. பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தகரத்தை யாரோ அரத்தால் ராவுகிற மாதிரி.

அடுத்த வேகத்தடையிலும் கர்ர்ர். வளைவில் திருப்பினால் முன்னாலும் கர்ர்ர்.

மாமனார் கருப்பண்ணன் அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான். "ஏனுங் மாப்ள, வண்டிக்கு வயிறு செரியில்லீங்களா?"

மாமியார், "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இந்தச் சத்தம் என்னத்துக்கோ" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். கோதை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் சும்மாதான் வைத்தாளாம். எனக்கு அதைப் பார்த்ததும் உயிர் போய்விட்டது. பாதி வழியில் மூட்டைகளையும் மாமனாரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மரியாதை கெட்ட வேலைதான். அவர் வாழைத்தாரைக் கட்டிப் பிடித்தபடி ஆட்டோவில் வந்தார்.

சாப்பிடும்போது அவர் கேட்டார், "கூகலூருக்கு அன்னூர், புளியம்பட்டி வழியாத்தானுங்?"

அவினாசி வழி என்றேன். "அது சுத்துங்களே" என்றார்.

சுத்துதான். இரண்டு வருஷமாக அந்தச் சுத்தில்தான் போகிறேன்.

பிப்ரவரி 6, திங்கள்

கடைக்குப் போனேன். ஆள் ஏறினால் உரசத்தான் செய்யும், ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் வைத்து வண்டியைத் தூக்கிவிடலாம் என்கிறான். ஆள் ஏறாமல் காரை வைத்துப் பூஜை போடவா? நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

சடையப்பனிடம் இரண்டு வாரமாகப் பேசவில்லை. இன்றைக்கு அவனே வந்து, "சிங்காநல்லூர்ல ஜெசிந்தா அக்கான்னு ஒருத்தங்க டயர் கடை வெச்சிருக்காங்க, போய்ப் பாரு" என்றான். மானஸ்தன் மாதிரி உம்மென்று இருந்தேன். போகத்தான் போகிறேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, ஒரு கம்ப்ரெசர், சுவரில் மாதா படம். ஜெசிந்தா அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நைட்டி மேல் சட்டை, காதில் சின்னத் தோடு. வண்டியைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை அடித்து மட்கார்ட் உள்ளே பார்த்தார். உள் பிளாஸ்டிக்கில் வழவழவென்று தேய்ந்திருந்த இடத்தை என் விரலைப் பிடித்துத் தடவ வைத்தார்.

"வண்டில யாரு வருவாங்க, தம்பி?"

இத்தனை கடை ஏறி இறங்கினேன், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

"எம் பொண்டாட்டி. ஏழாவது மாசம்."

"அவங்க மட்டுமா?"

"மாமனார், மாமியார், அவங்க அக்கா. டிக்கி நெறையச் சீர்ச் சாமான்."

"அப்ப அஞ்சு ஆளு. நீங்க காலி வண்டிக்கில்ல டயர் வாங்கியிருக்கீங்க!"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பம்ப்பைச் சுமை ஏற்றாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓகே போட்டு அனுப்பினால் எங்கள் கம்பெனியில் வேலை போய்விடும். நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அக்கா சொன்னது இவ்வளவுதான். "ரிம்மு பெருசாகி ரப்பர் கொறஞ்சா குழி நேரா இடுப்புக்கு வரும். ரெண்டுமே பெருசானா மட்கார்ட்ல இடிக்கும். உங்க ஸ்பிரிங்கு கம்பெனிது. அஞ்சு ஆளு ஏறுனா நாலு விரல் எறங்கத்தான் செய்யும். அந்த நாலு விரலுக்கு எடம் உட்டு வாங்கோணும்."

"ஸ்பிரிங்குல ரப்பர் வெச்சு ஒசத்துனா?"

"ஒசரும். ஆனா ஸ்பிரிங்கு வேலை செய்யாது. அப்பறம் கட்ட வண்டியில கூட்டிட்டுப் போனாப்லதான்."

கம்பெனி அளவிலேயே பதினாலு இஞ்ச் அலாய், ரிம் வெளியே துருத்தாமல். சனிக்கிழமை வரச் சொன்னார். பெரிய கடைக்காரன் விலையைக் கொஞ்சம் குறைத்துத் தன் வீலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். எடுத்துத் தொலையட்டும்.

பிப்ரவரி 11, சனி

மாட்டியாச்சு. பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெரிய கடைக்காரன் தன் டயரில் காற்றை நாற்பது வரை ஏற்றி வைத்திருந்தானாம், அது அதிகமாம். அக்கா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டினார். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன். படித்ததில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

இந்தத் தடவை சுமையோடு சோதனை. லீவு நாள், கம்பெனியில் ஆள் இல்லை. மேனேஜரிடம் போனில் அனுமதி வாங்கிவிட்டேன். எதற்கு என்றார். சுமை சோதனை என்றேன். பொய் இல்லை.

எங்கள் பம்ப் ஒன்று இருபத்தாறு கிலோ. மாமியார் மூன்று பம்ப். அவர் அக்கா மூன்று பம்ப். மாமனார் இரண்டு, அவர் ஒல்லி. டிக்கியில் சீருக்கு மூன்று. கோதைக்கு இரண்டு, அதை முன் இருக்கையின் காலடியில் வைத்தேன். இருக்கை மேல் கிண்ணமும் டம்ளரும். குழம்பக் கூடாது என்று சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் அத்தை, பெரியத்தை, மாமா என்று எழுதி, விழாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன். தூக்கி வைக்க சடையப்பனைக் கூப்பிட்டேன். வந்தான். அவன் நல்லவன்தான், நான்தான் கத்துகிறேன்.

பத்துத் தரம் ஓட்டினோம். ஸ்டியரிங்கை இந்தக் கடைசி வரை ஒடித்தும், அந்தக் கடைசி வரை ஒடித்தும். உரசல் இல்லை. ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. அய்யாசாமி வேகத்தடை பக்கத்திலேயே குத்தவைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இல்லீங்க" என்று கையை விரித்தார்.

இருபத்திரண்டு மில்லி. பதினெட்டு இல்லை. ஆனால் இது அஞ்சு பேரோடு. அப்பாடா.

இந்தச் சடையப்பன் எதற்கோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 13, திங்கள்

போட்டோவை அந்தப் புண்ணியவான் தன் மனைவிக்கு அனுப்ப, அவள் கோதைக்கு அனுப்பிவிட்டாள்.

வேலை முடிந்து வந்ததும் கோதை போனை நீட்டினாள். "இது யாருங்?"

"அத்தை."

"இது?"

"பெரியத்தை."

அப்படி ஒரு சிரிப்பு. சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கம்மாளுக்கு பெல்ட்டு வேற போட்டுருக்கீங்க!" என்று மறுபடி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு நின்றது.

"முன்சீட்டுல இருக்கறது எம்பட டம்ளர்தானுங்?"

எலி கதை இனி செல்லாது. ஆமாம் என்றேன்.

"எதுக்குங்க தண்ணி?"

"சிந்துதா இல்லையான்னு பாக்க."

"சிந்துனா?"

பதினான்கு வருஷம் ரீடிங் எழுதியவனுக்கு அந்த ஒரு ரீடிங் சொல்ல வரவில்லை. அவளே கேட்டாள், "புளியம்பட்டிப் பாலத்துக்கிட்ட அன்னிக்குக் குழில எறங்குச்சே, அதையேதான் நெனச்சுட்டு இருக்கீங்களா? ரெண்டு வருசமா?"

இப்போது எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணியில் கோதையின் தம்பி கல்யாணம். அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பதினேழு இஞ்ச் வீலை மாட்டியிருந்தேன். கல்யாணத்தில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று. கோதைக்கு நாலாவது மாசம். பாலத்துக்கு முன்னால் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தான், நான் பார்க்கவில்லை. 'டமார்' என்று இறங்கியது. ரிம்மே வளைந்துவிட்டது. கோதை "ஐயோ" என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி.

"நாந்தான உட்டேன். அந்த வீல மாட்டுனதும் நாந்தான" என்றேன்.

கோதை போனைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "குழில எறங்கறதுக்கு முந்தின நாள் காத்தாலயே எனக்குக் கறை பட்டுச்சுங்க. தம்பி கல்யாணம், எல்லாரும் சந்தோசமா இருக்காங்க, ஒன்னும் இருக்காதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அப்பவே உங்ககிட்டச் சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். நாஞ் சொல்லாம உட்டதுலதான் போச்சுன்னு நான் நெனச்சுட்டு இருக்கேன்."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு வருஷம். நான் குழியை நினைத்துக்கொண்டு, அவள் கறையை நினைத்துக்கொண்டு. இரண்டு பேரும் அழுதோம். வேறென்ன செய்வது?

பிப்ரவரி 14, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். அன்றைக்கு நடந்தது யாரால் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பழைய ஃபைலை எடுக்கச் சொன்னார். எங்கள் பையிலேயே இருந்தது.

"இங்க பாருங்க. ஸ்கேன்ல வளர்ச்சி ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நின்னிருக்கு. அந்தக் கல்யாணத்துக்கும் முன்னாடி, குழிக்கும் முன்னாடி, கறைக்கும் முன்னாடி. யாராலயும் இல்ல. அன்னைக்கே சொன்னேனே?"

சொல்லியிருப்பார். எங்கள் காதில் ஏறவில்லை.

வெளியே வந்து படியில் நின்றோம். மேலே இருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி முதுகு லேசாக இருந்தது. "பஜ்ஜி சாப்பிடோணும்னு இருக்குதுங்க" என்றாள். அவள் நாலு சாப்பிட்டாள். நான் ஆறு.

டம்ளரை எடுத்து வந்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது அங்கயே கெடக்கட்டும். கொழந்த பொறந்ததுக்கப்பறம் கொண்டாந்து வெச்சாப் போதும்" என்றாள்.

பிப்ரவரி 15, புதன்

தார்ப்பாயை உருவினேன். சடையப்பனை வரச் சொல்லி நாலு வீலையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "நெசமாவா?" என்றான். "மாட்டறதுக்கு முன்னாடி அக்காகிட்டக் கேட்டுக்கோ. ஆள ஏத்திப் பாரு" என்றேன். வளைந்த ரிம்மை அவனுக்குக் காட்டினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நானும் அதை நன்றாகப் பார்த்தேன். சின்ன வளைவுதான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

வளைகாப்பு முடிந்தது. கோதையின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். ஏழு வகைச் சோறு. அக்கம்பக்கம் எல்லாரும் வந்து நலங்கு வைத்தார்கள். சடையப்பன் மனைவி மாமியாரைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தாள். கடைசியில் மாமியாருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. "மூனு பம்ப்புங்களா மாப்ள? ரெண்டுக்கு மேல இருக்க மாட்டேன்" என்றார்.

பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஒரே அவசரம். மாமியார் நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு டயருக்கும் அடியில் வைத்தார். ஏற்றி நசுக்கிக் கிளம்பினேன். ஆள் அஞ்சு, டிக்கி நிறையச் சீர். முதல் வேகத்தடையில் எல்லாருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள். சத்தம் இல்லை. மாமனார் பின்னாலிருந்து, "வயிறு செரியாப் போச்சுங் மாப்ள" என்றார்.

அவினாசி ரோட்டுப் பிரிவு வந்தது. நான் திருப்பவில்லை. அன்னூர் ரோட்டிலேயே விட்டேன். கோதை பார்த்தாள், வளையல் கையை என் தோளில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

புளியம்பட்டிப் பாலத்தைப் பத்து வேகத்தில் கடந்தேன். ரோட்டை நன்றாகத் தார் போட்டு வைத்திருக்கிறான், குழியே இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனான். திட்டட்டும்.

மார்ச் 11, சனி

வீடு வெறிச்சென்று இருக்கிறது. ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். போனில் கோதை, "டயருக்குக் காத்து பாத்தீங்களா?" என்று கேட்கிறாள். என்னை விடப் பெரிய ஆளாகிவிட்டாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

கூகலூர் போய் வந்தேன். உள்ளே உதைக்கிறது, கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மே 8, திங்கள்

பெண் குழந்தை. கோபியில், காலை பத்து இருபதுக்கு. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் பிள்ளையும் சுகம்.

போன் வந்தபோது டெஸ்டிங்கில் நின்றுகொண்டிருந்தேன். ஓடுகிற பம்ப்பை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். சோதனைத் தொட்டி வழிந்து தரையெல்லாம் தண்ணீராம். சடையப்பன் நிறுத்தியிருக்கிறான்.

கோபி போய்ச் சேர்ந்து குழந்தையைக் கையில் வாங்கினேன். பம்ப் கணக்கில் இதற்கு இடமே இல்லை. நர்ஸ், "அழாதீங்க சார், கொழந்தயே அழுகல" என்றாள்.

ஜூலை 9, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டால் அழைத்துவர மாட்டார்கள். அதனால் இன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன். முன்னால் மாமனார். பின்னால் கோதை, மடியில் மகள் நறுமுகை, பக்கத்தில் மாமியார். டிக்கியில் தொட்டில், குழந்தைச் சாமான் எல்லாம். காலையில் கதவுத் தாளைப் பார்த்துக் காற்று சரிபார்த்தேன்.

நம்பியூர் தாண்டி லேசான தூறல். புளியம்பட்டிப் பாலம் வருகிறது என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அப்போது பார்த்து நறுமுகை தும்மினாள். ஒரே ஒரு தும்மல், பட்டாணி அளவுக்கு. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

டமார்.

அதே இடம். மழைக்குத் தார் பெயர்ந்து மறுபடி குழி விழுந்திருக்கிறது, தண்ணீர் நின்றதில் தெரியவில்லை. முன் சக்கரம் இறங்கி ஏறியது, பின்னாலேயே பின் சக்கரமும். பிரேக்கில் கால் வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தூங்கிட்டாளுங்க" என்றாள் கோதை. "குழில எறங்குனப்பத்தான் கண்ண மூடுனா. இன்னொரு குழி இருந்தா உடுங்க, நல்லாத் தூங்கட்டும்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் அவரைத் திட்டினார். நான் கியரைப் போட்டேன், வண்டி நகர்ந்தது. அன்னூர் வரைக்கும் எனக்கு ரோடு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. தூறல் என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து உள்ளே போனதும் மறுபடி காருக்குப் போனேன். முன் இருக்கைக்கு அடியில் டம்ளர் கிடந்தது. கழுவித் துடைத்து அடுக்களையில் மற்ற அஞ்சோடு வைத்தேன். ஆறும் சரியாக இருக்கிறது.